கருப்பு பெயிண்டை உரிக்கலாமா? 1917 பி.எஸ்.ஏ. ரைபிளில் எது அசல், எது பின்னால் வந்தது

சித்தூர்ப்புழை:
வணக்கம். நெல்லியாம்பதியில் ஒரு பழைய எஸ்டேட் பங்களாவில் இருக்கிற பொருட்களுக்குப் பட்டியல் போடுகிற வேலை நடக்குது. அதில் ஒரு துப்பாக்கியும் உண்டு. லைசென்ஸ் வீட்டுப் பெரியவர் பேரில் இருக்கு, அவரை வைத்துக்கொண்டுதான் பார்த்தது. லீ என்ஃபீல்டு என்பது வரை தெரியுது. அதற்கு மேல் குழப்பமா இருக்குங்க.

பட்டும் (தோளில் வைக்கிற பின்கட்டை) உடலும் சேருகிற சாக்கெட்டின் வலப்பக்கத்தில் கிரீடம், ஜி.ஆர்., பி.எஸ்.ஏ. கோ., 1917, அதன் கீழே மார்க் 3, பக்கத்தில் ஒரு நட்சத்திரம். உலோகம் முழுக்கத் தடித்த கருப்பு பெயிண்ட். மேகசினுக்குச் சற்று முன்னால் முன்கட்டையின் குறுக்கே ஒரு ஸ்க்ரூ ஓடுது. போல்ட் கைப்பிடியின் பின்பக்கம் ஒரு எண்ணைக் கோடு போட்டு அடித்துவிட்டு வேறு எண் பொறித்திருக்காங்க. பட்டின் வலப்பக்கம் பித்தளை வில்லை இருக்க வேண்டிய இடத்தில் வட்டமா ஒரு மர அடைப்பு. வாலி சைட் (ரொம்ப தூரத்துக்குக் குறிபார்க்கப் பக்கவாட்டில் இருப்பது) இல்லை, மேகசின் கட்-ஆஃப் (மேகசினிலிருந்து தோட்டா வராமல் தடுக்கிற தகடு) இல்லை. மேகசின் குழியை ஒரு மரக்கட்டை அடைச்சிருக்கு.

கோவையில் விசாரித்தபோது, பெயிண்டை உரித்து புளூயிங் (இரும்பைக் கருப்பேற்றுகிற பூச்சு) போட்டு, வெளிநாட்டில் புதுசாகச் செய்து விற்கிற வாலி சைட்டை வாங்கி மாட்டினால் "1917 அசல்" ஆகிவிடும் என்றார்கள். செய்யலாமா? அசல் என்று சொல்ல இதில் ஏதாவது மிச்சம் இருக்கா?

இரும்புப்பட்டறை:
உரிக்காதீங்க. காரணத்தை விவரமாச் சொல்றேனுங்க. அதற்கு முன்னால் ஒன்று. ஒவ்வொரு தடவை கையில் எடுக்கும்போதும் குழலை ஆளில்லாத பக்கம் திருப்பி, போல்ட்டை முழுசாப் பின்னால் இழுத்து, தோட்டா உட்காருகிற அறைக்குள் டார்ச் அடித்துப் பாருங்க, சுண்டுவிரலையும் விட்டுத் தடவிப் பாருங்க. வருஷக்கணக்கா உள்ளேயே கிடந்த தோட்டாவின் அடி கறுத்துப்போய் இரும்போடு இரும்பாத் தெரியும். கண்ணை மட்டும் நம்பக் கூடாது.

இப்போ சாக்கெட். அது பிறந்த இடத்தையும் ஆண்டையும் மட்டும்தான் சொல்லும். பி.எஸ்.ஏ. என்றால் பர்மிங்காம் ஸ்மால் ஆர்ம்ஸ், இங்கிலாந்தின் பர்மிங்காம் நகரத்து ஆலை. மார்க் 3 வந்தது 1907 ஜனவரியில். போர் நடுவே வேலையைச் சுருக்க 1916 ஜனவரியில் ஒரு எளிய வடிவத்துக்கு ஒப்புதல் கொடுத்தாங்க. நட்சத்திரத்துக்கு அர்த்தம் அதுதான். அதில் விட்டுவிட்ட பொருட்களைக் கவனிங்க: இடப்பக்கத்து வாலி சைட், மேகசின் கட்-ஆஃப், பின் சைட்டைப் பக்கவாட்டில் நகர்த்துகிற திருகு.

ஆக உங்களிடம் இருப்பதில் அவை இல்லாததுதான் அசல். நட்சத்திரம் போட்ட ரைபிளில் வாலி சைட் மாட்டினால், கூர்ந்து பார்க்கிறவர் முதல் பார்வையிலேயே பிடிச்சிடுவார். கட்-ஆஃப் தகடு போகிற பள்ளம் மட்டும் உடலின் வலப்பக்கத்தில் சில நட்சத்திரத் துப்பாக்கிகளில் வெட்டியே இருக்கும், சிலவற்றில் இருக்காது. இரண்டுமே சரிதான்.

குறுக்கு ஸ்க்ரூவும் கருப்பு பெயிண்டும் வங்காளத்து இஷாப்பூர் ரைபிள் ஃபேக்டரியின் கைவேலை. சுடும்போது பின்னுதை வாங்குகிற இடத்தில் முன்கட்டை பிளக்கும். அதைத் தடுக்க அங்கே குறுக்கே இறுக்குவது அவர்கள் வழக்கம். சேகரிப்பவர்கள் அதற்கு "இஷாப்பூர் ஸ்க்ரூ" என்றே பேர் வெச்சிருக்காங்க.

மரக்கட்டைதான் யோசிக்க வைக்குது. போல்ட்டை வெளியே எடுத்துவிட்டு, வாய்ப்பக்கம் வெள்ளைத் தாளைப் பிடித்து, பின்பக்கமிருந்து குழலுக்குள் பாருங்க. என்ஃபீல்டு குழலின் உட்சுவரில் இடப்பக்கம் சுழலும் 5 வரி (வெட்டிய காடி) இருக்கணும். இருக்கா?

சித்தூர்ப்புழை:
பார்த்தாச்சுங்க. வரியே இல்லை. வழுவழுன்னு கண்ணாடி மாதிரி இருக்கு. தேய்ந்துபோச்சா?

இரும்புப்பட்டறை:
தேய்ந்த குழலில் வாய்ப்பக்கமாவது வரியின் நிழல் தெரியும், இடையிடையே குழி விழுந்திருக்கும். முழு நீளமும் ஒரே சீராக வழுவழுப்பு என்றால் அது செய்த வேலை. உங்களிடம் இருப்பது இந்திய .410 மஸ்கெட், அதாவது வரியில்லாத குழல் கொண்டது. ரைபிளே இல்லீங்க.

ராணுவத்தில் சேவை முடிந்த எஸ்.எம்.எல்.இ.களை (ஷார்ட் மேகசின் லீ என்ஃபீல்டு, இதே வகை ரைபிள்) இஷாப்பூரில் .410 மென்குழலாக மாற்றினாங்க. காவலுக்கும் போலீசுக்கும் ஒவ்வொரு தோட்டாவாகப் போட்டுச் சுடுகிற துப்பாக்கி போதும் என்று மேகசினை எடுத்துவிட்டு மரக்கட்டையால் அடைச்சிட்டாங்க. அந்த அடைப்பு யாரோ வீட்டில் செருகியது இல்லை, மாற்றத்தின் ஒரு பாகம். கழற்றித் தூக்கி எறிந்துவிட்டு 10 தோட்டா மேகசினை வாங்கிப் போட்டால் துப்பாக்கியின் அடையாளமே போயிடும்.

இதற்கான தோட்டா .303 ரைபிள் தோட்டாவின் கூட்டைக் கழுத்து ஒடுக்காமல் நேராக விட்டுச் செய்தது. இன்றைக்குக் கடையில் கிடைக்கிற .410 ஷாட்கன் தோட்டா வேறு, இது வேறு. பேர் ஒன்றாக இருக்கிறதென்று போட்டுப் பார்க்கவே கூடாது.

மலைக்காற்று:
நான் மாறுபடுகிறேன். அந்த பெயிண்ட் அவசரத்தில் அடித்தது. அடியில் பி.எஸ்.ஏ.வின் நேர்த்தியான வேலை புதைந்துகிடக்கிறது. பழைய ஓவியத்தின் மேல் யாராவது சுண்ணாம்பு அடித்திருந்தால் சுரண்டி எடுக்க மாட்டோமா? உலோகத்தைப் பழைய நிலைக்குக் கொண்டுவருவதில் என்ன தவறு?

இரும்புப்பட்டறை:
ஓவியத்தின் மேல் சுண்ணாம்பு அடித்தவருக்கு அந்த ஓவியத்தோடு எந்தச் சம்பந்தமும் இல்லை. இங்கே பெயிண்ட் அடித்தது அரசு ஆயுதசாலை. துப்பாக்கியைப் பிரித்து, பாகம் மாற்றி, சோதித்து, எண் பொறித்து, பெயிண்ட் அடித்து மறுபடி சேவைக்கு அனுப்பினாங்க. அது கடைசியாக எந்தக் கோலத்தில் வேலை செய்ததோ அந்தக் கோலம்தான் அசல். 1917இல் பர்மிங்காமை விட்டுக் கிளம்பிய கோலம் மென்குழல் ஆக்கிய அன்றே போயிடுச்சு. அதை யாராலும் திரும்பக் கொண்டுவர முடியாது. கொண்டுவந்த மாதிரி காட்டத்தான் முடியும்.

இன்னொன்று, அடியில் நேர்த்தியான புளூயிங் காத்திருக்கும் என்று நினைக்காதீங்க. பெயிண்ட் உதிர்ந்த ஓரம் ஒன்றை 10 மடங்கு லென்ஸில் பாருங்க. உதிர்ந்த இடத்தில் கருப்பா, பழுப்பா இருந்தால் பழைய பூச்சின் மேலேயே அடிச்சிருக்காங்க. சாம்பல் நிறத்தில் மணல் மாதிரி நுண்புள்ளி தெரிந்தால் பாஸ்பேட். பளிச்சென்று வெறும் இரும்பு தெரிந்தால் பழையதைத் தேய்த்து எடுத்துவிட்டுத்தான் அடிச்சிருக்காங்க. அப்படியானால் உரித்தால் கிடைப்பது வெறும் இரும்பு. பாலக்காட்டுக் கணவாய் வழியாக ஆனி, ஆடியில் அடிக்கிற ஈரக்காற்றில் அது ஒரு வாரம் தாங்காது.

சித்தூர்ப்புழை:
பெயிண்டே ஆயுதசாலையில் அடித்ததா, பின்னால் யாராவது வீட்டில் ஸ்ப்ரே அடித்ததா என்று எப்படித் தெரிஞ்சுக்கிறது?

இரும்புப்பட்டறை:
நல்ல கேள்விங்க. ஆயுதசாலையில் ஒவ்வொரு பாகத்தையும் தனித்தனியாகப் பிரித்து அடிப்பாங்க. அதனால் பெயிண்ட் மரத்துக்கு அடியிலும் போயிருக்கும். மேல் கைக்காப்பு மரத்தைத் தூக்கினால் அடியில் குழலும் கருப்பாகவே இருக்கும். வீட்டில் அடித்தவர் பூட்டியபடியே அடிச்சிருப்பார். மரத்தின் விளிம்பு வரை கருப்பு, அதற்குக் கீழே பழைய நிறம் என்று கோடு போட்ட மாதிரி நிற்கும். மரத்தின் ஓரத்தில் தூவல் புள்ளியும் விழுந்திருக்கும்.

ஸ்க்ரூத் தலையையும் பாருங்க. பூட்டியபடி அடித்தால் தலையும் சுற்றியுள்ள உலோகமும் ஒரே தோலால் மூடியிருக்கும். காடி பாதி நிரம்பியிருக்கும். தனித்தனியாக அடித்திருந்தால் தலையைச் சுற்றி மயிரிழை வட்டம் தெளிவாத் தெரியும்.

எழுத்தைப் படிக்க பெயிண்டை எடுக்கவே வேண்டாம். இருட்டறையில் டார்ச்சை உலோகத்தோடு ஒட்டிப் படுக்க வைத்து அடிங்க, பள்ளம் நிழலாத் தெரியும். இல்லைன்னா குழந்தைகளுக்குப் போடுகிற டால்கம் பவுடரை விரல் நுனியால் தடவி, மேலே மட்டும் பஞ்சால் ஒரு இழுப்பு இழுங்க. எழுத்துக்குள் வெள்ளை தங்கும். படமெடுத்ததும் மென்மையான பிரஷ்ஷால் தட்டிவிடலாம். அசிட்டோன், தின்னர், பெட்ரோல் பக்கமே போகாதீங்க.

குடியாத்தம்காரன்:
இரும்பு அண்ணன் சொல்வதோடு ஒன்று சேர்க்கிறேன். எழுத்தின் விளிம்பைப் பார்க்கக் கற்றுக்கொண்டால் பாதி ஏமாற்று பிடிபட்டுவிடும். அச்சை வைத்து ஒரே அடியாக அடிக்கும்போது உலோகம் பிதுங்கி எழுத்தைச் சுற்றி மெல்லிய வரப்பு எழும்பும். வயல் வரப்பு மாதிரி. நகத்தை அதன் மேல் இழுத்தால் தட்டும். பஃபிங் சக்கரத்தில் கொடுத்த துப்பாக்கியில் அந்த வரப்பு இருக்காது, எழுத்து கரைந்த சோப்பு மாதிரி இருக்கும். ஸ்க்ரூ துளை வாய்கள் கிண்ணம் போலக் குழிந்திருக்கும். குழல் உடலோடு சேருகிற தடித்த பகுதியின் தட்டை முகங்களில் முனை மழுங்கியிருக்கும். இந்த மூன்றும் இருந்தால் பூச்சு எவ்வளவு அழகாக இருந்தாலும் அது மறுவேலை.

பழைய முறையில் கருப்பேற்றியதையும் இப்போது உப்புத் தொட்டியில் முக்கியதையும் பிரிப்பது சுலபம். பழைய முறையில் துருவை வேண்டுமென்றே ஏற்றி, வெந்நீரில் கொதிக்கவைத்து, தேய்த்து, மறுபடி ஏற்றுவார்கள். அது மங்கலாக, பட்டுத்துணி போலிருக்கும். கொதிக்கும் காரத் தொட்டியில் முக்கியது கண்ணாடி போல மின்னும், சில சமயம் கடினப்படுத்திய பாகத்தில் வெயிலில் பார்த்தால் கத்திரிப்பூ நிறம் அடிக்கும். குழலும் உடலும் சேருகிற இடுக்கில் உப்பு தங்கி, மழைக்காலத்தில் வெள்ளையாகப் பூக்கும். பூத்த இடத்தில் அடுத்து துரு.

ஆந்திர எல்லைப் பக்கத்தில் பழைய வீடுகளில் மார்டினி ஹென்றி (விக்டோரியா காலத்து பிரிட்டிஷ் ராணுவ ரைபிள்) என்று காட்டுகிற துப்பாக்கிகளுக்கும் இந்த எழுத்துச் சோதனைதான். கைபர் பக்கத்துப் பட்டறைகளில் கையால் செய்த நகல்களில் ஆங்கில "என்" எழுத்து கண்ணாடியில் பார்த்த மாதிரி திரும்பி நிற்கும். கிரீடத்தின் மணிகள் எண்ணிக்கையிலும் அளவிலும் ஒத்துவராது. வி.ஆர். (விக்டோரியா ராணி) என்று போட்டுவிட்டு ஆண்டு 1901க்குப் பிறகு இருக்கும். விக்டோரியா இறந்ததே 1901 ஜனவரியில். பக்கத் தகட்டில் அரம் ஓடிய குறுக்குத் தடம் தெரியும். ஆலையில் செய்ததில் இயந்திரத் தடம் ஒரே திசையில் சீராகப் போகும். நகலும் சேகரிக்கத் தக்கதுதான், கைவேலையே ஒரு தனி வகை. நகல் என்று தெரிந்து எழுதி வைத்தால் போதும். சுடுவதற்கு மட்டும் எக்காலத்திலும் தகுதியில்லை, அந்த இரும்பு என்ன இரும்பு என்று யாருக்கும் தெரியாது.

சித்தூர்ப்புழை:
போல்ட் எண்ணை அடித்து மாற்றியிருக்கே, அது மதிப்பைக் குறைக்குமா?

இரும்புப்பட்டறை:
புது எண் உடலின் எண்ணோடு ஒத்துப்போகுதான்னு பாருங்க. ஒத்துப்போனால் ஆயுதசாலை ஆள் அந்த போல்ட்டை இந்த உடலுக்குப் பொருத்தி, அளந்து, எண்ணை மாற்றியிருக்கார். அது நல்ல அடையாளம். பழைய எண்ணை அரத்தால் தேய்த்து மறைக்காமல் கோடு போட்டு விட்டிருப்பதே நேர்மையான வேலைக்கு அத்தாட்சி. பழசை முழுசாத் தேய்த்து எடுத்துவிட்டு, அந்தப் பள்ளத்தில் புது எண் இருந்தால்தான் சந்தேகப்படணும்.

எண் இருக்க வேண்டிய இடங்கள்: உடலின் முன்வளையத்து வலப்பக்கம், அதை ஒட்டிக் குழலின் தடித்த பகுதி, போல்ட் கைப்பிடியின் பின்புறம், பின் சைட் இலையின் அடிப்பக்கம், பயனெட் மாட்டுகிற மூக்குமூடி, முன்கட்டையின் நுனியில் அடிப்பக்கம். சைட் இலையைத் தூக்கிப் பார்க்கப் பலர் மறந்துடுவாங்க. ஆறும் ஒத்துப்போவது அபூர்வம். மறுவேலை ஆன துப்பாக்கியில் நாலு ஒத்துப்போனாலே நல்லதுங்க.

குழலின் தடித்த பகுதியில் வேறு பொறிப்பும் இருக்கலாம். 1910இல் கூர்முனைத் தோட்டா வந்தபின் சைட் அதற்கேற்ப மாறியதைக் குறிக்க எச்.வி. என்றும், அறையின் முன்கூம்பு மாறியதற்கு எஸ்.சி. என்றும் அடித்திருப்பாங்க. பழைய ரைபிள் குழலின் மிச்ச அடையாளம் அது. குறுக்கே போன இரண்டு செங்கோல் மாதிரி முத்திரை சோதனைச் சுடுதலுக்கு உரியது. அகன்ற அம்பின் கீழே ஆங்கில "ஐ" இருந்தால் இந்திய அரசுச் சொத்து. இரண்டு அம்பு முனையோடு முனை முட்டி நின்றால் சேவையிலிருந்து விற்றுவிட்டார்கள் என்று அர்த்தம். டி.பி. என்று எங்கேயாவது இருந்தால் அது டிரில்லுக்கு மட்டும் ஒதுக்கியது, சுடத் தகுதி இல்லை.

மரக்கட்டை_மீனாட்சிபுரம்:
உலோகத்தைப் பற்றிப் பேசியாச்சு, மரத்தையும் பார்த்துடலாம். உப்புத்தாள் போட்ட மரத்தைக் கண்டுபிடிக்க ஒரே ஒரு இடம் போதும். பட் தகடும் மரமும் சேருகிற விளிம்பில் விரலை ஓட்டுங்க. அசலில் மரம் உலோகத்தைவிட மயிரளவு உயர்ந்தோ சமமாகவோ நிற்கும். தேய்த்த மரம் உலோகத்துக்குக் கீழே இறங்கியிருக்கும், தகட்டின் விளிம்பு விரலில் கீறும். சாக்கெட் பக்கத்திலும் இப்படித்தான். பட்டின் பக்கவாட்டில் வட்ட முத்திரை பேப்பரில் எழுதிய மாதிரி ஆழமில்லாமல் இருந்தால் மேல்தோல் போய்விட்டது என்று பொருள்.

பட்டும் முன்கட்டையும் நிறத்திலும் ரேகையிலும் ஒத்துப்போகலைன்னு கவலைப்பட வேண்டாம். வெவ்வேறு மரத்துண்டிலிருந்து வந்தவை, ஆலையிலேயே ஒத்துப்போனதில்லை. ரொம்ப அழகாக ஒத்துப்போனால்தான் சாயம் போட்டிருக்காங்களான்னு யோசிக்கணும்.

அசல் பூச்சு பச்சை ஆளிவிதை எண்ணெய். ஊறவைத்து, துடைத்து, மறுபடி ஊறவைத்தது. வார்னிஷோ பிரெஞ்சு பாலிஷோ ராணுவத்தில் இல்லை. மேலே கண்ணாடிப் படலம் தெரிந்தால் பின்னால் அடித்தது. நம்ம ஊர் ஆசாரியிடம் கொடுத்தால் அன்போடு உப்புத்தாள் போட்டு, ஷெல்லாக் அடித்து, நாற்காலி மாதிரி பளபளப்பாக்கித் திருப்பித் தருவார். அவர் மேல் குற்றமில்லை, கேட்டதைச் செய்தார். அதனால் கேட்கவே கேட்காதீங்க.

பட்டின் மேல் விளிம்பில், சாக்கெட்டுக்குச் சற்றுப் பின்னால் ஒரே எழுத்து இருக்கான்னு பாருங்க. எல் என்றால் நீளப் பட், எஸ் குட்டை, பி அதைவிடக் குட்டை. எழுத்தே இல்லையென்றால் சாதாரண நீளம். வில்லையின் இடத்தில் மர அடைப்பு இருப்பதும் வழக்கம்தான். போர் நடுவே வில்லை போடுவதை நிறுத்தினாங்க, மறுவேலையில் எடுத்தும் இருக்காங்க. அங்கே பளபளக்கும் வில்லையில் ஏதோ படைப்பிரிவின் பெயர் கூர்மையாக வெட்டியிருந்தால் உஷாராகணும். நடு ஸ்க்ரூவின் காடியில் திருப்புளி பட்டதற்கான தடமே இல்லாமல், வில்லையைச் சுற்றி மரத்தில் அழுக்கும் ஏறாமல் இருந்தால் நேற்று மாட்டியது.

மலைக்காற்று:
இந்த எஸ்டேட் கொச்சி சமஸ்தானத்து எல்லைக்குள் இருந்தது. அந்தப் படையிலிருந்து வந்திருக்குமோ?

மரக்கட்டை_மீனாட்சிபுரம்:
வில்லை இல்லாமல் அப்படிச் சொல்ல இடமில்லை. நெல்லியாம்பதி கொச்சியில் இருந்ததால் துப்பாக்கியும் கொச்சிப் படையுடையதாகிவிடாது. பட்டிலோ சாக்கெட்டின் இடப்பக்கத்திலோ முத்திரை கிடைத்தால் பேசலாம். கிடைக்காதவரை பட்டியலில் எழுத வேண்டாம். ஒருமுறை எழுதிவிட்டால் அடுத்தவர் அதையே சான்றாக எடுத்துக்கொள்வார்.

சித்தூர்ப்புழை:
கைக்காப்புக்கு அடியில் பார்க்க முன்கட்டையைக் கழற்ற வேண்டியிருக்கு. பட்டைத்தான் முதலில் கழற்றணுமாமே?

மரக்கட்டை_மீனாட்சிபுரம்:
நிறுத்துங்க! இந்தத் துப்பாக்கியில் மரம் உடைவதற்கு முதல் காரணமே அந்த யோசனைதான். பட்டைப் பிடிக்கிற நீளப் போல்ட்டின் முன்முனை சதுரம். அந்தச் சதுரம் முன்கட்டையின் பின்முனையில் பதித்த ஒரு தகட்டுக்குள் பூட்டியிருக்கும், தானாகக் கழன்றுவிடாமல் இருக்க. முன்கட்டை இருக்கும்போதே பின்னாலிருந்து போல்ட்டைத் திருகினால் சதுரமும் சேர்ந்து சுழன்று முன்கட்டையின் பின்பகுதியை இரண்டாகப் பிளந்துவிடும். சத்தம் கேட்கும்போது எல்லாம் முடிஞ்சிருக்கும்.

உங்களுக்குத் தேவை கைக்காப்புக்கு அடியில் ஒரு பார்வைதானே? அதற்கு முன்கட்டையைக் கழற்றவே வேண்டாம். நடுவளையத்தின் ஸ்க்ரூவை எடுத்து வளையத்தை விரித்தால் பின்பக்கத்துக் கைக்காப்பு மேல்நோக்கி வரும். உள்ளே எஃகு வில் கவ்வியிருக்கும், இரண்டு கட்டைவிரலாலும் இரு ஓரத்தையும் சமமாகத் தூக்குங்க. சைட்டின் இரு பக்கமும் நீளும் மெல்லிய காதுகளைப் பிடித்துத் தூக்கினால் ஒடியும், பாதிக்குப் பாதி துப்பாக்கிகளில் ஒடிந்துதான் இருக்கு.

ஒருநாள் முன்கட்டையையும் எடுக்க வேண்டிவந்தால், மூக்குமூடியின் இரண்டு ஸ்க்ரூவையும் எடுத்து நேராக முன்னால் இழுக்கணும். அடுத்து உள்வளையத்து ஸ்க்ரூ, அதற்கு ஒரு சின்ன வில்லும் வாஷரும் உண்டு, தரையில் விழுந்தால் தேட முடியாது, வெள்ளைத் துணி விரிங்க. அப்புறம் ட்ரிகர் கார்டின் பின் ஸ்க்ரூ, பிறகு முன் ஸ்க்ரூ. முன் ஸ்க்ரூ துளைக்குள் ஒரு குட்டிக் குழாய் இருக்கும், அதைத் தொலைத்துவிட்டால் திரும்பப் பூட்டும்போது இறுக்கம் மாறி மரம் நசுங்கும். எல்லாம் வந்தபின் முன்கட்டையை இரு முனையிலும் சமமாகக் கீழே இறக்கணும். ஒரு முனையை நெம்பினால் பின்னுதை வாங்குகிற மரத்தோள் பெயர்ந்துவிடும். உங்களுடையதில் இஷாப்பூர் ஸ்க்ரூ இருப்பதால் அந்தத் தோளில் ஏற்கெனவே விரிசல் இருக்கலாம்.

பட் கடைசி. பின்தகட்டுச் சின்னக் கதவைத் திறந்து, உள்ளே இருக்கிற அடைப்பை முதலில் கொக்கியால் எடுக்கணும். அடைப்பு இருக்கும்போதே திருப்புளியைக் குத்தித் திருப்பினால் அது ஆப்பாகி பட்டைப் பிளக்கும்.

ஆவணப்பெட்டி:
சட்டப் பக்கத்தையும் சேர்த்துக்கொள்ளுங்கள். .303 போர் (குழல் துளையின் அளவு) நம் நாட்டில் தடைசெய்யப்பட்ட வகை. தனியார் கையில் உள்ள இஷாப்பூர் ரைபிள்கள் பெரும்பாலும் .315 ஆக இருப்பதற்கு அதுவே காரணம். எனவே லைசென்ஸில் என்ன போர் எழுதியிருக்கிறது, அது துப்பாக்கியோடு ஒத்துப்போகிறதா, எண் ஒத்துப்போகிறதா என்று முதலில் பாருங்கள். சாக்கெட்டைப் பார்த்து யாராவது 303 என்று எழுதியிருந்தால் அதை லைசென்ஸ் வழங்கிய அலுவலகத்தில் எழுத்துமூலம் திருத்திக்கொள்ள வேண்டும். மேகசின் வாங்கிப் போடுவது, குழலை மாற்றுவது எல்லாம் துப்பாக்கியின் வகையையே மாற்றும் வேலை, அந்தப் பேச்சே வேண்டாம்.

கோவைக்கு எடுத்துப் போவதற்கு முன் லைசென்ஸ் செல்லுபடியாகும் எல்லையைப் பாருங்கள். கேரளத்துக்கு மட்டும் என்று இருந்தால் வாளையாறையோ கோபாலபுரத்தையோ தாண்டக் கூடாது. பழுதுபார்க்க உரிமம் பெற்ற டீலரிடம் மட்டுமே கொடுக்க வேண்டும், லேத் பட்டறையில் அல்ல. 2019 திருத்தத்துக்குப் பிறகு ஒருவர் பேரில் இரண்டு துப்பாக்கிக்கு மேல் கூடாது என்பதையும் வீட்டுப் பெரியவருக்கு நினைவூட்டுங்கள்.

"இது பழம்பொருள், லைசென்ஸ் வேண்டாம்" என்று யாராவது சொன்னால் 1959 ஆயுதச் சட்டத்தின் 45ஆம் பிரிவைப் படிக்கச் சொல்லுங்கள். வழக்கொழிந்த, பழம்பொருள் மதிப்புள்ள ஆயுதத்துக்கு விலக்கு உண்டு. ஆனால் பழுதுபார்த்தாலும் பார்க்காவிட்டாலும் சுடமுடியாத நிலையில் அது இருக்க வேண்டும். போல்ட்டும் குழலும் நல்ல நிலையில் உள்ள .410க்கு அந்த விலக்கு பொருந்தாது.

சித்தூர்ப்புழை:
எல்லோர் சொன்னதையும் செய்து பார்த்தாச்சு. போல்ட்டின் புது எண்ணும் உடலின் எண்ணும் ஒன்று. மூக்குமூடி எண்ணும் அதேதான். சைட் இலையின் அடியில் வேறு எண், அதைக் கோடு போட்டு அடிக்கவும் இல்லை. கைக்காப்பைத் தூக்கினேன், அடியிலும் கருப்பு, விளிம்புக் கோடு இல்லை. டால்கம் தடவியதில் சாக்கெட்டின் இடப்பக்கம் பெயிண்டுக்கு அடியிலிருந்து .410 என்று எழும்பி வந்தது. உதிர்ந்த ஓரத்தில் லென்ஸ் வைத்தால் பழுப்பாத் தெரியுது. பட்டின் மேலே எஸ். மரம் பின்தகட்டுக்குச் சமமா இருக்கு. லைசென்ஸிலும் .410 என்றே இருக்கு.

இரும்புப்பட்டறை:
ரொம்ப நல்லாச் செஞ்சிருக்கீங்க. பழுப்பு என்றால் பழைய பூச்சின் மேலேயே அடிச்சிருக்காங்க. சைட் இலை மறுவேலையில் வேறொன்றிலிருந்து வந்தது, அதை அப்படியே குறிச்சு வைங்க. "ஒத்துப்போகிறது" என்று மொத்தமாக எழுதாமல் எந்த இடத்தில் என்ன எண் என்று ஆறு வரியாக எழுதுங்க. தலைப்பு இப்படி இருக்கட்டும்: "1917 பி.எஸ்.ஏ. எஸ்.எம்.எல்.இ. மார்க் 3 ஸ்டார், இஷாப்பூரில் .410 ஒற்றைச் சுடு மஸ்கெட்டாக மாற்றியது, ஆயுதசாலைக் கருப்பு பெயிண்ட் உள்ளபடி."

மலைக்காற்று:
சாக்கெட் எழுத்து பெயிண்டுக்கு அடியில் இருந்ததைக் கேட்டபின் என் வாதத்தை விட்டுவிடுகிறேன். மாற்றமும் பெயிண்டும் ஒரே கையில் நடந்த வேலை என்று தெரிகிறது. உரித்திருந்தால் அந்த வரிசையே தெரியாமல் போயிருக்கும். ஒரு சந்தேகம், மழைக்காலத்தில் இந்த பெயிண்டை எப்படிக் காப்பது?

குடியாத்தம்காரன்:
தேங்காய் எண்ணெய் போடக் கூடாது. பாலக்காட்டுப் பக்கம் எல்லா வீட்டிலும் அதுதான் கைக்கு வரும், ஆனால் 24 டிகிரிக்குக் கீழே உறையும், நெல்லியாம்பதிக் குளிரில் போல்ட்டுக்குள் மெழுகாக நிற்கும். நாளானால் சிக்குப் பிடித்து அமிலமாகும். நல்லெண்ணெயும் பிசினாகக் காயும். உள் உலோகத்துக்கு மெல்லிய மினரல் ஆயில் துணியில் தொட்டு ஒரு துடைப்பு, மறு துணியால் துடைத்து எடுங்கள். பெயிண்டுக்கு மேலே அருங்காட்சியகங்களில் பயன்படுத்தும் மைக்ரோகிரிஸ்டலின் மெழுகு, பட்டாணி அளவு போதும். பித்தளைப் பாலிஷ் எதையும் பட் தகட்டில் போடாதீர்கள், வெள்ளைப் பசை மர இடுக்கில் தங்கிவிடும்.

தோல் உறை, கம்பளி உறை இரண்டும் ஈரத்தைப் பிடித்து வைக்கும். தோலில் உள்ள பதனிடும் உப்பு பெயிண்ட் உதிர்ந்த ஓரத்தில்தான் முதலில் வேலை காட்டும். பூட்டிய அலமாரியில் உறையில்லாமல், சுவரைத் தொடாமல், வாய் சற்றுக் கீழ்நோக்கி நிறுத்துங்கள். அப்போது எண்ணெய் மரத்துக்குள் இறங்காது. சிலிக்கா ஜெல் பையை ஆனி முதல் ஐப்பசி வரை மாதம் ஒருமுறை வாணலியில் இளஞ்சூட்டில் உலர்த்திப் போடுங்கள்.

மரக்கட்டை_மீனாட்சிபுரம்:
அலமாரியில் வைக்கும் முன் பட்டின் அடிப்பக்கத்தில் ஊசிமுனை ஓட்டை இருக்கான்னு பாருங்க. இருந்தால் கீழே கருப்புத் தாள் விரித்து ஒரு வாரம் கழித்துப் பாருங்க. மாவு மாதிரி கொட்டியிருந்தால் உளு உயிரோடு இருக்கு. கொட்டலைன்னா பழைய ஓட்டை, அப்படியே விட்டுடுங்க. மெழுகு வைத்து அடைக்க வேண்டாம், அடைத்தால் அடுத்த வருஷம் புதுசா வந்ததா பழசான்னு தெரியாது.

சித்தூர்ப்புழை:
நாலு ஓட்டை இருக்கு. இன்னிக்கே தாள் விரிச்சிட்டேன். அடுத்த வெள்ளிக்கிழமை படத்தோடு போடுறேன்.